பூச்சியத்துக்கு முதலாம் திருவிழா

எங்கள் தொழிலில் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஒரு பெட்டியில் இருப்பதை எடுத்து இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதுதான் தொழில். ஒரு பெரிய மென்பொருள் இருக்கும். அதன் வயிற்றுக்குள் பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் அட்டவணை அட்டவணையாகக் கிடக்கும். அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அந்தப் பெரியவருக்குத் தெரியாத ஒரு சின்ன வேலையைச் செய்ய நான் ஒரு துண்டு எழுதி அதற்குள் செருகுவேன். என் துண்டு கேட்கும், பெரியவர் கொடுப்பார். பிறகு என் துண்டு கொடுக்கும், பெரியவர் வாங்கி வைப்பார். நடக்கிற பிழை எல்லாம் அந்தக் கை மாறும் இடத்தில்தான் நடக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனவர்களே, அரசாங்கக் கச்சேரியில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கடுதாசி சுமந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி விளங்காது.

வேதக்காரி என்ற தகுதி

மூன்று வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம், ஒரு முருகன் கோயிலுக்கு வேலை செய்யப் போனேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கே போய் வருகிறேன். கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கொழும்புக் கம்பனி ஒன்றின் உறுப்பினர் பதிவு மென்பொருளைக் கோயிலுக்கு அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்திருந்தார். அது மரண உதவிச் சங்கங்களுக்காகச் செய்தது. கோயிலுக்கு வேண்டியது வேறு. ஊரில் ஏழு குடிகள், அதாவது ஏழு வம்சங்கள். திருவிழாவில் குடிக்கு ஒரு நாள். அந்தந்த நாளில் அந்தக் குடிக்காரரின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக் காளாஞ்சி கொடுப்பார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்துக் கொடுக்கும் கோயில் மரியாதை அது. அந்தப் பெயர்ப் பட்டியலையும், அன்னதானம் முதல் கூட்டித் துடைப்பது வரை யாருக்கு எந்த வேலை என்ற பட்டியலையும் அச்சிட்டுத் தருவதுதான் என் துண்டின் கடமை.

மட்டக்களப்பு டவுனில் என்னைவிடக் கெட்டிக்காரர் பத்துப் பேராவது இருக்கிறார்கள். பிறகு ஏன் என்னைத் தேடி வந்தீர்கள் என்று கோயில் செயலாளர் யோகராசா அண்ணனிடம் கேட்டேன். அவர் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், ஆணி எடுத்து வைப்பது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். “தங்கச்சி வேதக்காரி. ஞாயிற்றுக்கிழம சேர்ச்சுக்குப் போற ஆள். எங்கட குடிச் சண்டைக்குள்ள உங்களுக்கு ஒரு பக்கமும் இல்ல. கெட்டிக்காறன் மற்றப் பக்கம் நிண்டா எங்களுக்கு அந்தக் கெட்டித்தனம் என்னத்துக்கு?”

தலைவரின் தங்கை

மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. அப்பா வேறு குடியாகத்தான் இருப்பார். ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது, அவர்கள் அண்ணன் தங்கை முறை. இதெல்லாம் இங்கே பாற்பல் விழுமுன்னே தெரிந்துவிடும். கொழும்பு மென்பொருளுக்குத் தெரியாது. அது வீட்டுத் தலைவரின் குடியை எடுத்து மனைவி, பிள்ளைகள் எல்லாருடைய நெற்றியிலும் ஒட்டிவிட்டது. என் துண்டு அது கொடுத்ததை அப்படியே வாங்கி, அழகான எழுத்தில் அச்சிட்டது. நானும் சரிபார்க்காமல், பெருமையாக, முதல் பிரதியைத் தலைமை வண்ணக்கரின் வீட்டுக்கே கொண்டுபோனேன். கோயிலை நிர்வகிப்பவர்களை இங்கே வண்ணக்கர் என்போம். கணபதிப்பிள்ளை ஐயா தலைமை வண்ணக்கர், முதலாம் குடி, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி தேவைப்படாத அவருடைய மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். தன் பெயர் புருஷனின் குடியில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரும் அவள் புருஷனின் குடியில். சுருக்கமாகச் சொன்னால், ஊரில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் தங்கள் சகோதரிகளைக் கட்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். அந்த அம்மா தாளை மடித்து என் கையில் தந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “அப்ப நாற்பது வரிசமா நான் என்ட அண்ணனுக்கா சோறு ஆக்கிப் போடுறன், மனே?”

கட்டாயமும் விருப்பமும்

கொழும்புக்குப் போன் எடுத்தேன். உதவிப் பிரிவில் நிரோஷன் என்றொரு பையன், வெள்ளவத்தைத் தமிழ், நல்ல பண்பு. எதைக் கேட்டாலும் “நோட் பண்ணிட்டேன் அக்கா” என்பான். நோட் பண்ணியதெல்லாம் எங்கே போகிறது என்பது முருகனுக்குத்தான் தெரியும். பிள்ளையின் குழுவைத் தாயிடமிருந்து எடுக்கும்படி உங்கள் பெட்டியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவன் இரண்டு நிமிடம் தேடிப் பார்த்தான். வழி இல்லை என்றான். “குழு இலக்கம்” என்று வேறொரு கட்டத்தில் குடியை நானே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

ஒரு முழு மாவட்டத்தின் வம்சக் கணக்கும் தாயில் நிற்கிறது தம்பி, தாய்க்கு ஒரு இடம்கூட இல்லாமலா செய்தீர்கள் என்று கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். அவனுக்கு மனம் நொந்துவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்க அக்கா, அம்மாவுக்கும் எடம் இருக்கு. எங்க சிஸ்டத்துல அப்பா கட்டாயம், அம்மா விருப்பம்னா போடலாம்.”

சாக்குக்குள் நெல்

தரவுத்தளத்துக்கு வரிசை என்ற ஒன்று கிடையாது. சாக்குக்குள் நெல் கிடப்பது போலத்தான் பெயர்கள் கிடக்கும். “ஏழு குடிகளையும் தா” என்று கேட்டால் தரும். எது முதல், எது கடைசி என்று நாம் கேட்காவிட்டால் தன் வசதிப்படி தரும். நான் கேட்க மறந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை அச்சிட்டபோது முதலாம் குடி முதலில் வந்தது. அடுத்த கிழமை அதே கட்டளைக்கு அதே குடி ஆறாவதாக வந்தது. வேறு ஊரில் இது ஒரு சின்ன விசயம். காளாஞ்சி யாருக்கு முதல் நீட்டுவது என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சை விட்ட ஊரில் இது சின்ன விசயமில்லை.

கோயில் மடத்தில் ஏழு குடிப் பிரதிநிதிகளும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து நீதிமன்றம் நடத்தினார்கள். சாக்கு, நெல் எல்லாம் சொல்லி விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார்கள். முடிவில் திருவிழா நாள் வரிசைப்படி ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டு, அந்த ஒழுங்கில்தான் பெட்டி தர வேண்டும் என்று தீர்மானமானது. விளக்கம் நன்றாகத்தான் எடுபட்டது என்று நினைத்துக்கொண்டு கணினியை மூடினேன். ஆறாம் குடிக்காரர் வெளியே போகும்போது யோகராசா அண்ணனின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: “நெல்லாவது சாக்காவது! கம்ப்யூட்டருக்கு ஆரோ வீட்ட சாப்பாடு நடந்திரிக்கு.”

இரண்டு கட்டங்கள்

பிறகு பிழையே வரக்கூடாது என்று நானே படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று, என்ன குடி. மற்றது, திருவிழாவில் என்ன வேலை செய்வீர்கள். நாலாவது வீட்டிலேயே ஒன்றைக் கவனித்தேன். முதல் கட்டத்தை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்கள் இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் செருமினார்கள். “நாங்க உபயகாரர் தங்கச்சி” என்றார்கள், திருவிழாச் செலவை ஏற்பவர்கள் என்று அர்த்தம். வற்புறுத்தினால் “மேற்பார்வை எண்டு போடுங்க” என்றார்கள்.

குளத்தடி வீட்டில் புவனேஸ்வரி அக்கா தையல் மெஷினில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா முதலாம் குடி, கணபதிப்பிள்ளை ஐயாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் லொறி ஓட்டிப் போன இடத்தில் அட்டன் பக்கம் கண்டு விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தது ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை. தாய்க்கு இங்கே குடி இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை. அப்படி வெளியூர்த் தாய்க்குப் பிறந்தவர்கள், சுனாமிக் கடல் வந்த பிறகு கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று நாற்பத்தொரு பேர் அந்த ஊரில் இருந்தார்கள். புவனேஸ் அக்கா பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கோயிலின் அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டுகிறார். அவருடைய பெயர் ஒருநாளும் ஒலிபெருக்கியில் வந்ததில்லை. ஒரு தரம் அந்தப் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாகுமுன் அம்மாவுக்கும் அதே ஆசை இருந்ததாம். அதையும் அவரே சொன்னார், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. குடிக்கட்டத்தில் என்ன எழுத என்று நான் தடுமாறியபோது அவர்தான் எனக்கு வழி சொன்னார்: “அத வெறுமையா விடுங்க தங்கச்சி, பழகிப்போச்சி. வேலக் கட்டத்தில எழுதுங்க, அங்கதான் இடம் காணாது.”

யாருடைய பக்கமும் இல்லாத பக்கம்

இனி வருவது முழுக்க முழுக்க என் பிழை. கொழும்புப் பெட்டி “குழு இலக்கம்” கட்டத்தில் வெறுமையை வாங்காது. ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் முழுப் படிவத்தையும் திருப்பி முகத்தில் எறியும். நாற்பத்தொரு தரம் எறிந்த பிறகு, வெறுமை வந்தால் பூச்சியம் என்று மாற்றி அனுப்பும்படி என் துண்டில் ஒரு வரி எழுதினேன். பெட்டி சந்தோசமாக வாங்கிக்கொண்டது. திருவிழாவில் முதல் நாள் கொடியேற்றம், அது பொது. ஒருவர் பெயரும் வாசிப்பதில்லை. முதலாம் குடிக்கு இரண்டாம் நாள், இரண்டாம் குடிக்கு மூன்றாம் நாள். ஆகவே குடி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் நாள் வந்துவிடும் என்று இன்னொரு வரியும் எழுதியிருந்தேன். பூச்சியத்தோடு ஒன்றைக் கூட்டினால் என்ன வரும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் ஏழு பிரதிநிதிகளும் கண்ணில் எண்ணெய் விட்டுச் சரிபார்த்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடியின் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். முதல் பக்கம் ஒருவருடைய பக்கமும் இல்லை, அதனால் அதை ஒருவரும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் பங்கிட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது: “முதலாம் திருவிழா, கொடியேற்றம். உபயகாரர்” என்ற தலைப்பின் கீழ் நாற்பத்தொரு பெயர்கள். ஐந்தாவதாகப் புவனேஸ்வரி. அவர் நோட்டீஸைக் கோயிலுக்குக் கொண்டுவந்து யோகராசா அண்ணனிடம் காட்டினாராம். பிழை என்று அவர் சொல்லுமுன், புவனேஸ் அக்கா கேட்டது இது ஒன்றைத்தான்: “தம்பி, அண்டைக்கு நான் அடுப்படியில நிண்டா பேர் வாசிக்கிறது கேட்குமா, இல்லாட்டி முன்னுக்கு வந்து நிக்கோணுமா?”

மேற்பார்வை பதினாறு பேர்

அவசரக் கூட்டம். குடியே இல்லாதவர்களுக்குக் கொடியேற்றமா என்று மடம் அதிர்ந்தது. கணபதிப்பிள்ளை ஐயா மேசையில் தட்டினார். தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகளின் பெயர்தான் அதில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே இரண்டு தரம் தட்டினார். நாற்பத்தொரு பெயரையும் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் முன்னாலேயே எடுத்தேன். உபயப் பட்டியல் சுத்தமாக வந்தது, எல்லார் முகத்திலும் இரத்தம் ஊறியது. பிறகு வேலைப் பட்டியலையும் ஒருக்கால் பார்ப்போம் என்று அதையும் எடுத்தேன்.

என் துண்டு இரண்டு பட்டியலையும் ஒரே அட்டவணையிலிருந்துதான் எடுக்கிறது. திரையில் இப்படி வந்தது. அடுப்படி: ஒருவரும் இல்லை. தண்ணீர்: ஒருவரும் இல்லை. பாத்திரம் கழுவுதல்: ஒருவரும் இல்லை. வீதி கூட்டுதல்: ஒருவரும் இல்லை. மேற்பார்வை: பதினாறு பேர். ஒருவருக்காவது வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வேதக்காரி அல்லவா, மனந்திரும்புதலில் எனக்கு ஒரு பழைய நம்பிக்கை. கணபதிப்பிள்ளை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தீர்ப்புச் சொன்னார்: “அப்ப வேலைக்கு வெச்சிருங்க, வாசிப்புக்கு எடுங்க. கம்ப்யூட்டர் எண்டு பேர் வெச்சிக்கிட்டு இது ஏலாதா?”

அடுப்பு

ஏலும். அதுதான் கொடுமை. ஒரே ஒரு வரி. பூச்சியம் என்றால் உபயத்துக்கு அனுப்பாதே, வேலைக்கு அனுப்பு. எடுத்த பெயர்களைத் திரும்ப ஏற்றி, செய்து கொடுத்தேன். சம்பளம் வாங்குகிறவள், செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வலையிறவுப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, தோணிகளைப் பார்ப்பது போல நின்று அழுதேன். “கணினிக் கோளாறு காரணமாக முன்னைய நோட்டீஸ் ரத்து” என்று புது நோட்டீஸ் வந்தது. குற்றவாளி கணினி, அதற்கு வாயில்லை.

கொடியேற்றத்தன்று காலை எட்டு மணிக்கு யோகராசா அண்ணன் போன் எடுத்தார், உடனே வரச் சொன்னார். போனேன். மடத்தின் பின்புறம் பெரிய கிடாரங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. அரிசி மூட்டை கட்டவிழ்க்கவில்லை. குளிர்ந்த அடுப்பைச் சுற்றிப் பதினாறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்கள். டவுன் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. புவனேஸ் அக்காவுக்குக் கோளாறை விளங்கப்படுத்த என்னையும் ஏற்றிக்கொண்டு யோகராசா அண்ணன் குளத்தடிக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டி, பூ வைத்து, அர்ச்சனைத் தட்டோடு வாசலில் வெளிக்கிட்டு நின்றார். கோபப்படவில்லை. “கும்பிடத்தான் வாறன் தம்பி, நீங்க முன்னுக்குப் போங்க. கம்ப்யூட்டர் எங்கட பேர எடுத்திட்டுதாம், அடுப்பையும் அதுவே மூட்டட்டும்.”

மற்ற நாற்பது பேரிடமும் அதே பதில், சேலையின் நிறம்தான் வேறு. ஒன்பது மணிக்குக் கணபதிப்பிள்ளை ஐயா என்னைத் தேர்முட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, பழைய பட்டியல் இன்னும் கணினிக்குள் இருக்கிறதா என்று சத்தமில்லாமல் கேட்டார். இருக்கிறது என்றேன். அந்த ஒரு வரியை எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் அழித்ததில்லை. கொடி ஏறி முடிந்ததும் யோகராசா அண்ணன் என் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒலிபெருக்கியில் வாசித்தார். ஐந்தாவது பெயர் வந்தபோது புவனேஸ் அக்கா அசையவில்லை. பக்கத்தில் நின்றவள் தோளில் தட்டிய பிறகுதான் நடந்தார். காளாஞ்சித் தட்டை வாங்கியபோது பாக்கு ஒன்று உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, “அம்மாட பேரையும் சேர்த்து வாசிச்சிருக்கலாம்” என்றார். பிறகு தட்டை ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு அன்னதானம் பிற்பகல் மூன்று மணிக்கு. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

புறப்படும்போது கணபதிப்பிள்ளை ஐயாவிடம் போனேன். அடுத்த வருடத்துக்கு இதை ஒழுங்காக, எட்டாவது குடியென்றோ ஊர்ப் பொது உபயம் என்றோ ஒரு முறையான பெயரில் பெட்டிக்குள் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வாயில் பருக்கை ஒட்டியிருந்தது, திடுக்கிட்டுப் போனார். “சீ, சீ, பேர் கீர் ஒண்டும் வெச்சிப்போடாதீங்க மகள், மறுகா அது உரிமையாப் போயிரும். அந்தப் பிழைய வரிசா வரிசம் அப்பிடியே விட்டிருங்க.”

உரிமையாகக் கொடுக்க மனம் வராததைப் பிழையாகக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் தடையில்லை, ஆகவே மூன்று வருடமாக ஒவ்வொரு ஆனி மாதமும் வாவியைக் கடந்து போய், என் பிழை பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.